பத்திரத்தில் கிணறு எங்கே?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். பெங்களூரில் வாழும் தமிழர்களைக் கேட்டால், அதற்கு முன்னால் மனையை வாங்கிப்பார் என்று சேர்த்துச் சொல்வார்கள்.

முப்பதுக்கு நாற்பது மனை. பிராவிடண்ட் பண்டு பணம், பெண்டாட்டியின் நகை, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் அதில் அடங்கி இருக்கின்றன. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் எதையும் விடாமல் பார்க்கிறார்கள். மூலப் பத்திரம் பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார்கள். காத்தா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். நாலு மூலைக்கும் டேப் பிடித்து அளக்கிறார்கள். தண்ணீர் விஷயம் வரும்போது மட்டும், "போர் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இருக்கிறது சார்" என்று புரோக்கர் ஒரு பதில் சொல்கிறார். அத்தோடு முடிந்தது.

அந்தப் போர் எந்த மூலையில் இருக்கிறது? எத்தனை அடி? யாருக்குச் சொந்தம்? உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? அதே மனையில் பழைய கிணறு ஏதும் புதைந்து கிடக்கிறதா? இவற்றுக்குப் பத்திரத்தில் ஒரு வரி கூட இருப்பதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்களில் பலர் வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அந்த ஊர்களில் ஒரு காணி நிலம் விற்றாலும், "கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், அதிலுள்ள மோட்டார் பம்புசெட்டு, மின் இணைப்பு, முறைத் தண்ணீர், மாமூல் வழிநடை பாத்தியம்" என்று பத்திரத்தில் எழுதாமல் விடமாட்டார்கள். கால் பாகக் கிணற்றுக்காக அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுக்கக் கோர்ட்டுக்கு நடந்த ஊர்கள் அவை. ஜோலார்பேட்டையைத் தாண்டி ரயில் ஏறி வந்தவுடன் அந்த எச்சரிக்கை எங்கே போயிற்று?

கன்னட நாட்டிலும் பழைய வழக்கம் வேறாக இல்லை. விஜயநகர காலத்துத் தானப் பட்டயங்களில், நிலத்தோடு சேர்ந்து போகும் எட்டு உரிமைகளை வரிசையாகச் சொல்வார்கள். நிதி, நிக்ஷேபம் என்று தொடங்கும் அந்த வரிசையில் அடுத்து வருவது ஜலம். அரசன் கொடுத்த தானத்திலேயே தண்ணீரைத் தனியாக எழுதி வைத்தார்கள். இன்று லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் மனைக்கு அது எழுதப்படுவதில்லை.

கொத்தனாருக்கு வந்த கோபம்

ஒயிட்பீல்டுக்கும் மாலூருக்கும் இடையே, ரயில் பாதையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓய்வு பெற்ற கீமேன் ஒருவர் மனை வாங்கினார். ராகி விளைந்த நிலம் அது. சமப்படுத்தி, கல் நட்டு, லே-அவுட் ஆக்கி விற்றிருந்தார்கள். "போர்வெல் வசதியுடன்" என்று நோட்டீசில் இருந்தது.

கடைக்கால் தோண்டும் நாளில், பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வேலி ஓரமாக வந்து நின்றார். தென்மேற்கு மூலையைக் காட்டி, "பாவி இதெ, பாவி!" என்றார். விழுப்புரத்திலிருந்து வந்து ஒரு மாதம் கூட ஆகாத கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பெரியவரே, வேலை செய்யறவனைப் பார்த்துப் பாவின்னு சொல்றீங்களே, நியாயமா?" என்று கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

கன்னடத்தில் பாவி என்றால் கிணறு என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்தப் பாதையில் சுத்தியலோடு நடந்தவர் அவர். பெரியவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தார். அந்த மூலையில் கல் கட்டிய கிணறு இருந்தது. மேலே சப்படிக் கல் போட்டு, மண் பரப்பி மூடினார்கள் என்று பெரியவர் சொன்னார். கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள். நாலு இடத்தில் 'ணங்' என்றது. ஓர் இடத்தில் கடப்பாரை உள்ளே போய்விட்டது.

சமையலறைச் சுவர் வரவேண்டிய இடம் அது.

ஏன் மூடினார்கள்? தென்மேற்கு மூலையில் கிணறு இருந்தால் வாஸ்துப்படி ஆகாது, மனை விலை போகாது என்ற பயம்தான் காரணம். வடகிழக்கில் இருந்திருந்தால் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வாஸ்துவை நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் வாஸ்துவுக்குப் பயந்து கிணற்றை ஒளித்து, அதன் மேல் அடுத்தவனை வீடு கட்டச் சொல்வது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

மண்ணுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க

பெங்களூரைச் சுற்றியுள்ள லே-அவுட்டுகள் பெரும்பாலும் நேற்றுவரை வயலும் தோப்புமாக இருந்தவை. வயல் இருந்தால் கிணறு இருந்திருக்கும். ஆகவே, "இங்கே கிணறு இருந்ததா?" என்று கேட்பதை விட, "கிணறு எங்கே இருந்தது?" என்று கேட்பதே சரி.

முதலில் காகிதம். மனைப் பத்திரத்தில் இல்லாவிட்டாலும், அந்த நிலத்தின் பழைய பஹாணியில் நீர்ப்பாசனம் எதன் மூலம் என்ற விவரம் இருக்கும். பல ஆண்டுகளுக்குப் பஹாணி எடுத்துப் பார்த்தால், கிணற்றுப் பாசனம் எப்போது வரை இருந்தது என்பது தெரிந்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் கிணறுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இப்போது கையிலுள்ள போனிலேயே செயற்கைக்கோள் படம் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய படத்தையும் பார்க்க முடியும். வயலுக்கு நடுவே கரும்புள்ளியாக ஒரு வட்டமோ சதுரமோ தெரிந்தால் விசாரிக்க வேண்டியதுதான். பம்புசெட்டுக்கு மின் இணைப்பு இருந்திருந்தால், மின்சாரக் கம்பெனியின் ஆர்.ஆர். நம்பர் ஒன்று இருந்திருக்கும். கம்பம் போய்விட்டாலும் நம்பர் யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்தது கண். தனியாக நிற்கும் இரண்டு தென்னை, அடியில் துவைக்கும் கல், கபிலை ஓட்டிய காலத்துக் கல்தூண், மாடு இறங்கி ஏறிய சரிவு இவையெல்லாம் சாட்சிகள். மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். மூடிய கிணறு இருந்தால், அந்த இடம் மட்டும் வட்டமாக உள்வாங்கியிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட மேலானது வாய். பக்கத்து ஊரில் அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டால் போதும். புரோக்கர் வராத நேரத்தில் போய்க் கேட்பது நல்லது.

மூடிய கிணற்றின் மேல் வீடு கட்டினால் என்ன ஆகும்? உள்ளே கொட்டிய குப்பையும் மண்ணும் வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள மண் இறங்காது, அது மட்டும் இறங்கும். சுவர் அங்கே விரிசல் விடும். சப்படிக் கல் மூடி என்றால், அடியில் வெற்றிடமே இருக்கலாம். செங்கல் லாரியின் பின் சக்கரம் இறங்கிய பிறகு தெரிந்துகொள்வதை விட, கடைக்காலுக்கு முன்பே தெரிந்துகொண்டால் பிளானையாவது மாற்றலாம்.

திறந்து தூர்வார நினைப்பவர்கள் உடனே ஆளை இறக்கிவிடக் கூடாது. வெகுநாள் மூடிய கிணற்றில் கெட்ட காற்று தங்கியிருக்கும். விளக்கைக் கட்டி இறக்கினால் அணைந்துவிட்டது என்றால், யாரும் இறங்கக் கூடாது. அணையவில்லை என்றாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. விளக்குக்குத் தெரியாத விஷக் காற்றும் உண்டு. முதலில் இறங்கியவர் மயங்கி, தூக்கப் போனவரும் மாண்ட செய்திகள் எத்தனை வந்திருக்கின்றன! அந்தத் தொழில் தெரிந்தவர்கள் மண் ஒட்டர் சமூகத்தினர். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். சர்ஜாபுரம் பக்கத்துப் போவிபாளையாவில் இன்றும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆயிரம் அடி என்பது பெருமை அல்ல

போர்வெல் விஷயத்தில் ஏமாற்று வேறு விதம். "ஆயிரம் அடி போட்டிருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆயிரம் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆயிரம் அடி போக வேண்டியிருந்தது என்றுதான் அர்த்தம்.

பெங்களூர், கோலார் பகுதி பாறை நாடு. மேலே செம்மண், அதன் கீழே இளகிப்போன பாறை. இந்தப் பகுதியில்தான் மழைத் தண்ணீர் தங்கும். பழைய கிணறுகள் முப்பது, நாற்பது அடியில் ஊறியது இதனால்தான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் கிடையாது; பாறையின் வெடிப்புகளில்தான் உண்டு. ஆழ்துளை போடும்போது மேல் பகுதிக்குக் கேசிங் பைப் இறக்கி அடைத்துவிட்டு, கீழே வெடிப்பைத் தேடிப் போகிறார்கள். வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், இல்லையென்றால் புழுதி. ஒரு மனையில் கொட்டும், அடுத்த மனையில் சொட்டும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடப்பவர் சொல்வதெல்லாம் வெடிப்புக்குக் கேட்காது.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது, மொத்த ஆழம் எத்தனை, கேசிங் எத்தனை அடி, தண்ணீர் எந்த அடியில் வந்தது, மோட்டார் எந்த அடியில் தொங்குகிறது, துளை போட்ட வருஷம் எது என்பவைதான். போட்டவர்களின் பில் இருந்தால் இவற்றில் பாதி அதிலேயே இருக்கும். பில் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

"இரண்டு இஞ்ச் தண்ணீர்" என்பார்கள். இந்த இஞ்ச் கணக்கு, 'வி' வடிவத்தில் வெட்டிய தகட்டில் தண்ணீர் வழியும் உயரத்தைக் குறிப்பது. இரண்டு இஞ்ச் என்பது ஒரு இஞ்சின் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப்படி ஒரு இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் சுமார் 2,900 லிட்டர். ஐந்து மடங்குக்கும் மேல். ஆகவே, ஒன்றரையை இரண்டு என்று சொன்னாலே பாதிக்கு மேல் பொய்.

அந்த அளவும் எந்த மாதத்தில் எடுத்தது? அக்டோபர் மழைக்குப் பிறகு எல்லாப் போரும் யோக்கியமாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு அவசரம் என்ன?

2024 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. நகரத்திலுள்ள சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டன என்று அப்போது துணை முதல்வராக இருந்த டி.கே.சிவகுமாரே சொன்னார். சர்க்கார் போர்களுக்கே அந்தக் கதி என்றால், லே-அவுட்காரர் காட்டிய போருக்கு என்ன உறுதி? அந்த ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் ஒதுக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால், அந்த 110-க்கு வெளியே மனை வாங்கியவருக்குக் கிணறுதான் காவேரி.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. மலக்குழியின் ஊறல் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. ஏறக்குறைய 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான்! அதாவது, ஒரே மனைக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு விதியைக் காப்பாற்றவே முடியாது. போதாததற்குப் பக்கத்து வீட்டுக் குழி வேறு சுவரை ஒட்டி இருக்கும். ஆகவே, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பாமல் குடிக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ளோரைடு 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. கோலார் பக்கம் இந்த ஃப்ளோரைடு தொல்லை அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்த இரண்டும் போகாது.

யாருடைய போர்?

"போர்வெல் வசதி" என்ற இரண்டு வார்த்தைக்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல லே-அவுட்டுகளில் போர் இருப்பது விற்றவர் தமக்கென வைத்துக்கொண்ட மனையில். வாங்கியவர்களுக்கு ஒரு குழாய் மட்டும் வரும். அதுவும் வாய்ச்சொல்லில். எல்லா மனையும் விற்று முடிந்தபின் அவர் அந்த மனையையும் விற்றுவிட்டால்? புது மனைக்காரர் குழாயை வெட்டினால், எதைக் காட்டிக் கேட்பது?

நிலத்தை விற்றால் அதிலுள்ள கிணறும் சேர்ந்து போகும் என்பது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம். வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஏதும் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மூடி மறைத்த கிணறு அப்படிப்பட்ட குறை என்று வாதாட முடியும். ஆனால், விற்றவருக்குத் தெரியும் என்பதை யார் நிரூபிப்பது? டீ குடித்த பெரியவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்துப் போவதா?

இதற்கெல்லாம் வழி ஒன்றுதான். சொத்து விவரத்தில் நாலெல்லைக்குக் கீழே கிணற்றையும் எழுத வேண்டும் என்று கர்நாடகப் பதிவுத் துறை கட்டாயமாக்க வேண்டும். கிணறு உண்டா, இல்லையா, திறந்ததா, ஆழ்துளையா, எந்த மூலையில், எத்தனை அடி, பயனில் உள்ளதா, மூடப்பட்டதா, முழு உரிமையா, பங்கா, குழாய் பதிக்கவும் ரிப்பேர் வண்டி வரவும் வழி உண்டா, துளை போட அனுமதி வாங்கிய எண் என்ன. இவ்வளவுதான். விற்பவர் தாமே உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்றால் அந்தக் கையெழுத்தே சாட்சி.

இன்னும் ஒரு படிவம், இன்னும் ஒரு மேஜை, இன்னும் ஒரு மாமூல் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் ஆபீசர் வந்து பார்க்க வேண்டாம், சர்டிபிகேட் தர வேண்டாம், விற்பவர் சொன்னால் போதும் என்பது. மின்னணு காத்தா இல்லாமல் பெங்களூர் மாநகர எல்லைக்குள் பத்திரம் பதிவாகாது என்று 2024 அக்டோபரில் சர்க்கார் ஒரே உத்தரவில் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் ஜனங்கள் அலைந்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஆறு வரி சேர்ப்பதா முடியாத காரியம்?

கிணறு என்று எழுதினால் பாசன நிலத்துக்குரிய மதிப்பு வந்து முத்திரைக் கட்டணம் ஏறிவிடும் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. மிச்சம் பிடிப்பது விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து. பின்னால் அழுவது வாங்கியவர் மட்டும்.

பணத்தோடு போகிற விஷயமாக இருந்தால் கூடச் சகித்துக்கொள்ளலாம். 2006-ல் ஹரியானாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஆழ்துளையில் விழுந்து, இரண்டு நாள் கழித்து மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. கைவிட்ட துளைகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும், பயனில் உள்ளவற்றுக்கு மூடியும் சிமெண்ட் மேடையும் வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே ஒரு குழந்தை போய்விட்டது. 2024 ஏப்ரலில் விஜயபுரா மாவட்டம் இண்டி தாலுகாவில் ஒரு குழந்தை விழுந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தது. அந்த ஆண்டு இறுதியில் கர்நாடக சட்டசபை, துளையை மூடாமல் விடுபவருக்கு ஓராண்டு சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் என்று சட்டத்தைத் திருத்தியது. சரி, தண்டனை யாருக்கு? துளை போட்டவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். வாங்கியவருக்குத் தம் மனையில் அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது. பத்திரத்தில் எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

பழைய கிணறு கிடைத்தால் அதைச் சாபம் என்று நினைத்து மறுபடி மூடிவிடவும் வேண்டாம். பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லி மீட்டர் மழை. 1,200 சதுர அடி மனையில் விழுவது மட்டும் லட்சம் லிட்டருக்கு மேல். அதில் ஒரு பகுதியையாவது மாடியிலிருந்து வடிகட்டி, அந்தக் கிணற்றில் விட்டால் சாக்கடைக்குப் போகிறது பூமிக்குப் போகும். இதற்காகவே 2015 முதல் பயோம் அறக்கட்டளையினர் 'பெங்களூருக்குப் பத்து லட்சம் கிணறுகள்' என்று பிரசாரம் செய்து வருகிறார்கள். கப்பன் பார்க்கில் தூர்ந்த பழைய கிணறுகளை ஒட்டர்களைக் கொண்டே மீட்டிருக்கிறார்கள். புதிதாக வெட்டச் சொல்லும் காலத்தில், இருப்பதை மூடுவானேன்?

கீமேன் வீட்டுச் சமையலறை எட்டடி தள்ளிப் போயிற்று. ஒட்டர்கள் பதினொரு நாள் தூர்வாரினார்கள். உள்ளே சுற்றிலும் கல்கட்டு அப்படியே இருந்தது. விட்டம் ஆறடி, ஆழம் முப்பத்தெட்டடி. குடிக்க உதவாது, துவைக்கவும் செடிக்கும் ஆகிறது. மழை காலத்தில் ஒன்பதடி நிற்கும், மே மாதம் ஈரம் மட்டும். வாயில் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

இப்போது அவர் அந்த வீட்டை மகளுக்குத் தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறவர் நாலெல்லையை முடித்துவிட்டு, "வேறென்ன சார்?" என்று கேட்டார். "தென்மேற்கு மூலையில் கல் கட்டிய கிணறு ஒன்று, எழுதுங்கள்" என்றார். "அதற்குக் கட்டமே இல்லையே சார்" என்றார் அவர். "கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள்" என்று சொல்லி, எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.